மாரத்தான் ஓடப்போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நீ முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கும் செய்தியை உன் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 42 கிலோமீட்டர் ஓடுகிற பிள்ளை என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லி வருகிறேன். ஆனாலும் அதை நீயே ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம்.

இந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று பொங்கலுக்கு வந்தபோது கேட்டாயே, விலங்கியல் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். உழைப்பு உன்னுடையது, அந்த உழைப்புக்கு உடல் எவ்வளவு இணங்குகிறது என்பதில் பிறப்புக்கும் பெரும் பங்கு உண்டு. கிளாட் பூஷார் என்ற கனடா ஆய்வாளரின் குழுவினர், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரம் ஒரே முறையில் பயிற்சி கொடுத்து, உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்ச அளவை முன்னும் பின்னும் அளந்து 1999-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு அது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வரை கூடியது. சிலருக்குக் கூடவே இல்லை. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 47 விழுக்காடு வரை மரபுவழிப்பட்டது என்பது அவர்கள் கணக்கு. 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வென்ற பின்லாந்து வீரர் ஏரோ மான்டிரான்டாவின் குடும்பத்தில், ஒரே ஒரு மரபணுவில் இருந்த மாற்றத்தால் பலருக்குப் பிறவியிலேயே ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் மிகுந்திருந்தன. அவர் பயிற்சி செய்யாமல் வென்றுவிடவில்லை. ஆனால் அந்த இரத்தம் அவருக்குத் துணை நின்றது.

நம் குடும்பத்தில் தாத்தாவும் ஓடியவர், சின்ன மாமாவும் ஓடியவர். முப்பத்தொரு வயதில் இறந்துபோன அந்த மாமாவைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. இப்போது பேசித்தான் ஆக வேண்டும்.

இதயத் தசையின் சுவர் தடித்துப்போகும் நோய் ஒன்று உண்டு. தசை சுருங்க உதவும் புரதங்களின் மரபணுவில் ஏற்படும் பிழைதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். சுமார் 500 பேரில் ஒருவருக்கு அது இருக்கலாம். அது உள்ளவர் பல ஆண்டுகள் நன்றாக ஓடுவார். கடும் உழைப்பின்போது ஒருநாள் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக் கூடும். 2003 ஜூனில் பிரான்சின் லியோன் மைதானத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோதே சரிந்து உயிரிழந்த கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கு வயது 28. பிரேதப் பரிசோதனையில் இந்த நோய்தான் தெரிய வந்தது. நம் பக்கத்து மக்களுக்கும் இது அந்நியமானதன்று. இதயத் தசைப் புரத மரபணு ஒன்றில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தவரில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2009-இல் காட்டியது. அது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை; வந்தாலும் பலருக்கு நடுவயதுக்குப் பிறகே தலைகாட்டும்.

மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதால் நான் எக்கோ, அதாவது இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் சோதனை, எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாத இதய நடுச்சுவர் எனக்குப் பதினாறு இருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் என் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னார். அக்கா பார்த்துவிட்டாள், அவளுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. நீதான் பாக்கி. மூன்று வாரமாக நீ போனை எடுக்காததால் எழுத்தில் சொல்கிறேன்.

உன்னை ஓடாதே என்று நான் சொல்லவில்லை. இத்தாலியில் போட்டி விளையாட்டுக்குப் போகும் எல்லோருக்கும் இ.சி.ஜி. உள்ளிட்ட சோதனையை 1982-இல் கட்டாயமாக்கிய பிறகு, வெனெட்டோ பகுதி இளம் வீரர்களின் திடீர் மரணங்கள் 89 விழுக்காடு குறைந்தன. இ.சி.ஜி. எடு, எக்கோவும் எடு. நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் இதயச் சுவர் பயிற்சியாலேயே சற்றுத் தடிக்கும் என்பதால், டாக்டரிடம் நீ வாரம் எவ்வளவு ஓடுகிறாய் என்பதையும், என் ரிப்போர்ட்டையும், மாமா முப்பத்தொரு வயதில் போனதையும் சேர்த்தே சொல். ஒன்றை விட்டாலும் தவறாகக் கணித்துவிடக் கூடும். இப்போது இயல்பு என்று வந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

என் ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எக்கோ எடுத்து, டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை நீண்ட ஓட்டத்தை நிறுத்தி வை. எடுத்த அன்றே எனக்கோ அக்காவுக்கோ போன் செய்.

அன்புடன்,
அம்மா