'யார் பார்த்தார்கள்?' என்று கேட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில், உயிரினங்களின் பரிணாமம் பற்றி, 'டார்வின் சொன்னது வெறும் ஊகம்தான். குரங்கு மனிதனானதை யார் பார்த்தார்கள்?' என்று ஒரு வரி. உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் பேத்தி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "அப்போ நீங்க சொன்னது பொய்யா தாத்தா?" என்றாள்.

இன்றைய குரங்கு மனிதனானது என்று எந்த உயிரியலாளரும் சொல்வதில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொதுவான மூதாதை இருந்தது என்கிறார்கள். பங்காளியைப் பாட்டன் என்போமா? சான்றுகளால் சோதித்து நிலைபெற்ற கோட்பாடு வேறு, வெறும் ஊகம் வேறு என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

யார் பார்த்தார்கள் என்றால், நான் பார்த்தேன். மருத்துவமனை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்தவன். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் பூசி, மேலே ஆன்டிபயாட்டிக் ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்போம். கிருமி மருந்துக்கு அடங்கினால், மறுநாள் காலை வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெளிவாகத் தெரியும். அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள்வோம். நான் சேர்ந்த புதிதில் அகலமாக விழுந்த சில வட்டங்கள், ஓய்வு பெறும் காலத்தில் பல தட்டுகளில் விழவே இல்லை; வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்து கிடந்தது. மருந்துக்குத் தப்பியவை பிழைக்கின்றன, அவற்றின் வாரிசுகள் பெருகுகின்றன. இயற்கைத் தேர்வு என்பது இதுதான். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் புழக்கத்துக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, 1961இல், அதற்கு அடங்காத கிருமி பிரிட்டனில் பதிவாகிவிட்டது.

கொரோனாவின் டெல்டா, ஓமிக்ரான் வகைகள் வந்தபோதும் 'கிருமி தந்திரமாக உருமாறியது' என்று எழுதினீர்கள். கிருமிக்கு ஏது தந்திரம்? தன்னைப் படியெடுக்கும்போது பிழை விழுகிறது. பரவ உதவும் பிழை நிலைத்துவிடுகிறது. அப்போதும் கடிதம் போட்டேன். பிரசுரிக்க வேண்டாம், கிடைத்தது என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இதே சிங்கப்பூரில், புக்கிட் தீமா காட்டில், 1854இல் வண்டு பிடித்துத் திரிந்தார் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகள்! இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தானும் கண்டுகொண்டு அவர் எழுதி அனுப்பிய கட்டுரை, 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வினின் எழுத்தோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. நம் வீட்டுப் பக்கத்துக் கதை இது. மாணவர் பக்கத்தில் ஒருமுறைகூட நான் இதைப் பார்த்ததில்லை. ராசிபலனுக்கு மட்டும் வாராவாரம் இடம் இருக்கிறது. அறிவியல் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் படித்துக்கொள் என்று நம் பிள்ளைகளிடம் நாமே சொல்வதுபோல் ஆகிறது. நாற்பது வருட வாசகனான எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். பேத்தி அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். பக்கத்தில் இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர், ஈசூன்