ஏழாவது மாடி வரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. தண்டையார்பேட்டையில் எல்லோரும் நலம். நீ அனுப்பிய 'செவன்த் ஹெவன்' ஊமைப்படத்தை அம்மாவும் நானும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம். கடைசிக் காட்சி ஓவர் சென்டிமென்ட், நம்ப முடியவில்லை என்று போனில் சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சிக்கோ யார்? பாரீஸில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்கிறவன். மேலே வந்து தெருவைக் கழுவும் வேலை கிடைக்க வேண்டும், அதுதான் அவன் கனவு. நம்ம தெருவில் மேன்ஹோலுக்குள் இறங்கினவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அது எவ்வளவு பெரிய ஆசை என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை 1927-லேயே காதல் படத்துக்கு ஹீரோவாக்கி, நெஞ்சை நிமிர்த்தி நடக்க விட்டிருக்கிறார் இயக்குநர் ஃபிராங்க் போர்சேகி. நாயகி டயானைக் கூட்டிக்கொண்டு அவன் ஏழாவது மாடியில் இருக்கும் தன் அறைக்குப் படியேறும்போது கேமராவும் மாடி மாடியாகக் கூடவே ஏறுகிறது பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் அந்தக் கோட்டு. நாற்காலியில் கிடக்கும் அவனுடைய கோட்டின் கையை எடுத்து டயான் தன்மேல் சுற்றிக்கொள்கிறாளே, அங்கே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசும் படமாக இருந்தால் யாராவது வசனம் எழுதிக் கெடுத்திருப்பார்கள். டயானாக நடித்த ஜேனட் கேனருக்கு அப்போது இருபது வயதுதான். 1929-ல் முதல் ஆஸ்கார் விழாவில் சிறந்த நடிகை அவர்தான். இதையும் சேர்த்து மூன்று படங்களுக்காகக் கொடுத்தார்கள். போர்சேகிக்கும் கிடைத்தது.

சரி, கடைசிக் காட்சி. முதல் உலகப் போரில் செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட சிக்கோ, பார்வை போய், போர் முடிந்த நாளின் கூட்டத்தை முட்டி மோதி விலக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறி வருகிறான். நடக்குமா என்கிறாய். தினமும் பதினோரு மணிக்கு, இருக்கிற இடத்திலிருந்தே ஒருவரையொருவர் நினைப்பதாகச் சொல்லிப் பிரிந்தவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கைமேல் கதையைக் கட்டிவிட்டு, முடிவில் மட்டும் கைவிட்டால் அதுதான் பொய். காசிமேட்டில் கடலுக்குப் போனவர் கரை திரும்பத் தாமதமானால், கெட்ட பேச்சை வாசலிலேயே நிறுத்திவிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் நடக்குமா என்று கேட்க மாட்டார்கள். அன்றைக்கு இதைப் பார்த்தவர்கள் வீட்டிலும் போருக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? அதையும் நினைத்து இன்னொரு தடவை பார்.

இதே ஜோடி 1928-ல் 'ஸ்ட்ரீட் ஏஞ்சல்' படத்திலும் நடித்திருக்கிறார்கள். கிடைத்தால் அனுப்பு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா