பின்னாலிருந்து பார்

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததைப் பழனி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது கண்ணுக்காவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. சொட்டு மருந்தை ஒழுங்காக விடுகிறாயா, இல்லை அதையும் மீனா தலையில் கட்டிவிட்டாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம். விஜயாவுக்கு மாற்றல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்கிறார்கள். வந்தபாடில்லை. குசலம் இத்தோடு போதும்.

எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்கு. அருணுக்கு கியர் சைக்கிள் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறாயாமே, இதையும் பழனிதான் சொன்னான். பணம் கட்டவில்லையென்றால் இதைப் படித்துவிட்டுக் கட்டு. கட்டியாகிவிட்டதென்றால், பெட்டி வந்து இறங்கினதும் இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால்தான் காகிதம்.

நாங்கள் வாங்கினதும் அப்படி ஆன்லைனில்தான். பின்னால் எட்டு கியர். முன்னால் இரண்டு, அதைப் பற்றி ஆரம்பித்தால் தபால்தலை கட்டுப்படியாகாது. பெட்டியில் வருகிற சைக்கிளை முக்கால்வாசி பூட்டித்தான் அனுப்புகிறார்கள். ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல், சீட் மாட்டினால் வேலை முடிந்தது, கியர் செட் செய்துதான் வந்திருக்கிறது என்று உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அந்தப் பெட்டி லாரியில் எந்தப் பக்கம் படுத்துக்கொண்டு வந்தது என்பது மட்டும் அதில் இருக்காது. கியர் மாற்றுகிற டீரெய்லர் வலது பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிற சாமான். அந்தப் பக்கம் அடியில் போய், மேலே இன்னும் நாலு பெட்டி ஏறினால் என்ன ஆகும்?

எங்களுக்கு ஆனது இதுதான். ஹேண்டில்பாரில் இருக்கிற ஷிஃப்டரில் ஒரு கிளிக் கொடுத்தால் செயின் ஒரு பல்சக்கரம் மாற வேண்டும். நடுவில் இருக்கிற மூன்று கியர் வெண்ணெயாக மாறியது. கடைசிப் பக்கம் போனால், ஆறிலிருந்து ஏழுக்குக் கிளிக் விழும், செயின் யோசித்துக்கொண்டு நிற்கும், நாம் மிதித்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று 'டக்' என்று குதிக்கும். அதைச் சரி செய்தால் இந்தப் பக்கம் இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஏறாது. இதைச் சரி செய்தால் அது கெடும். இங்கே ஒரு கடை, பெயர் வேண்டாம், அங்கே தள்ளிக்கொண்டு போனேன். ஏசி போட்டு, பாட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். பையன் கேபிளை இறுக்கித் தளர்த்துகிற பேரல் அட்ஜஸ்டரை ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் திருகிவிட்டு, "புது கேபிள் சார், ஓட ஓட செட்டாயிடும்" என்றான். மறுபடி போனேன். மறுபடியும் கேபிள் புதுசு. வேறு ஒருவன் வந்தான், அவனுக்கும் கேபிள் புதுசு.

கேபிள் விஷயத்தில் அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எஃகுக் கம்பி அப்படியொன்றும் நீண்டுவிடாது. அது உள்ளே போகிற வெளிக்குழாயின், அவுட்டர் என்பார்கள், அதன் முனைகளும் மூடிகளும் முதல் சில வாரங்களில் அழுந்தி உட்காரும், அதில் கம்பி கொஞ்சம் தொய்யும். தொய்ந்தால் செயின் சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுக்கும். அப்போது அந்தப் பேரலை இடப்பக்கமாகக் கால் சுற்று, அரைச் சுற்று வெளியே திருகினால் முடிந்தது, கடைக்கே போக வேண்டாம். ஆனால் தொய்வு என்றால் எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி தகராறு வர வேண்டும். நடு நன்றாக இருந்து இரண்டு முனையும் முறைத்துக்கொண்டால் அது கேபிள் இல்லை. இந்த ஒரு வரியை அந்தக் கடையில் ஒருத்தரும் சொல்லவில்லை.

கிளிக் என்பது என்ன தெரியுமா? ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் இழுப்பது சுமார் 2.8 மில்லிமீட்டர் கம்பி. சைக்கிள் பாகங்கள் செய்கிற ஷிமானோ கம்பெனியின் எட்டு ஸ்பீடுக்கான கணக்கு இது. அதை டீரெய்லர் 4.8 மில்லிமீட்டர் நகர்வாகப் பெருக்கிக்கொடுக்கிறது, ஏனென்றால் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அவ்வளவுதான். 1984-ல் ஷிமானோ இந்தக் கிளிக்கைக் கொண்டுவந்து நிலைநாட்டுவதற்கு முன்னால், லீவரை இழுத்து, காதால் கேட்டு, சத்தம் அடங்குகிற இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். கொஞ்சம் கோணல் இருந்தாலும் கை சரிக்கட்டிவிடும். கிளிக்குக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அளந்ததைத்தான் கொடுக்கும்.

இந்த இடத்தில் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "கியர் எதுக்குடா, கால்ல வலு இல்லாதவனுக்கு." உனக்கு ஒரு பெரிய மனுஷன் துணை இருக்கிறார், சந்தோஷப்பட்டுக்கொள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பித்த ஆன்றி தெக்ரான்ஜ் அச்சு அசல் உன்னைப் போலத்தான். டீரெய்லர் கூடவே கூடாது என்று பிடிவாதம். மலை அடிவாரம் வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் இருக்கிற பெரிய பல்லில் செயினை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். 1936-ல் அவருக்கு உடம்பு முடியாமல் போய்ப் பொறுப்பு கை மாறியது. மறு வருஷமே, 1937-ல், டீரெய்லரை அனுமதித்துவிட்டார்கள். நீயும் ஒரு தடவை கோரிமேட்டிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை மிதித்துப் பார், அப்புறம் வலுவைப் பற்றிப் பேசலாம். உங்கள் தூத்துக்குடியில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தானே. அரை மணிக்கு எடுத்துவிட்டு ஒன்றரை மணி ஓட்டின வாடகை சைக்கிள் கணக்கையே இன்னும் நீ தீர்க்கவில்லை, உனக்கு என்ன டூர் டி பிரான்ஸ்.

விளையாட்டு போகட்டும். என்னை உலுக்கியது இதுதான்.

கயல்தான் எங்கள் சைக்கிளை டியூஷனுக்கு எடுத்துப் போவாள். ஒரு நாள் வந்து, "ஒன்னாம் கியர் போட்டா பின்னாடி டிக் டிக்னு ஏதோ தட்டுதுப்பா" என்றாள். கடையில் இதையும் கேட்டிருக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரியும். "மேடு ஏறும்போது மட்டும்தானேம்மா போடுவே" என்று சிரித்தார்களாம். நான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கப் போக்ஸ் கம்பிகளில், ஒன்று விட்டு ஒன்றில், ஒரே உயரத்தில் பளபளவென்று ஒரு கீறல். வெளிப்பக்கமாகப் பின்னின கம்பிகளில் மட்டும். ஒன்றாம் கியர் என்பது கம்பிகளை ஒட்டியிருக்கிற பெரிய பல்சக்கரம்; அங்கே போகும்போது டீரெய்லரின் கூண்டு, அதாவது செயின் ஓடுகிற குட்டிச் சக்கரங்களைப் பிடித்திருக்கிற பாகம், ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பிகளைத் தொட்டுத் தொட்டுப் போயிருக்கிறது. இன்னும் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்திருந்தால் கூண்டு கம்பிக்குள் மாட்டியிருக்கும். சக்கரம் நின்ற இடத்தில் நின்றுவிடும். அவள் போகிற ரோட்டில் பின்னால் என்ன வரும் என்று உனக்குத் தெரியும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விஜயாவிடம் சொல்லவும் இல்லை, நீயும் உளறிவைக்காதே.

அப்போதைக்கு ஒன்று செய்தேன். டீரெய்லரில் எச், எல் என்று எழுதின இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்று வேலி போடுவது அதுதான். எல் ஸ்க்ரூவை உள்ளே திருகி, ஒன்றாம் கியரே விழாதபடி அடைத்துவிட்டேன். மேடு வந்தால் இறங்கித் தள்ளு என்று சொன்னேன். முனகினாள். முனகட்டும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு தினேஷ் வந்தான். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். அவன் எதையும் தொடவில்லை. நேராகப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல்சக்கரத்தையும் டீரெய்லரில் இருக்கிற இரண்டு குட்டிச் சக்கரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தான். "அங்கிள், இங்க வாங்க" என்றான். நான் குனிந்து பார்த்தேன். கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, நேராக நிற்கிறது, கூண்டு அடியில் சக்கரத்தைப் பார்த்து ஒருக்களித்துத் தொங்குகிறது. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரிகிறது.

டீரெய்லரை சட்டத்தோடு பிடித்திருப்பது விரல் நீளத்தில் ஒரு அலுமினியத் துண்டு. ஹேங்கர் என்பார்கள். வேண்டுமென்றேதான் மெத்தென்று செய்கிறார்கள். அடி பட்டால் அது வளைந்து சட்டத்தைக் காப்பாற்றட்டும் என்று. எங்களுடையது பெட்டிக்குள்ளேயே வளைந்திருக்கிறது. அது வளைந்தால் அதில் தொங்குகிற எல்லாமே கோணல். அதற்குப் பிறகு ஸ்க்ரூவைத் திருகு, பேரலைத் திருகு, ஒரு முனை சரியானால் மறுமுனை கெடும்.

தினேஷ் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். முதலில் எங்கள் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு கோட்டம் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. அச்சு இரண்டு பக்கமும் குழியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்தான். அப்புறம் ஐந்து மில்லிமீட்டர் ஆலன் கீயால் டீரெய்லரைக் கழற்றி ஓரமாகத் தொங்கவிட்டான். தன் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கொண்டுவந்து, நடுவிலிருக்கிற குவிக் ரிலீஸ் கம்பியை உருவிவிட்டு, அந்த அச்சின் முனையை ஹேங்கரின் ஓட்டைக்குள் கையாலேயே திருகினான். இரண்டுக்கும் மரை ஒன்றே, பத்து மில்லிமீட்டர். இப்போது எங்கள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சக்கரம் நிற்கிறது. இரண்டு ரிம்முக்கும் நடுவே ஸ்கேல் வைத்தான். மேலே ஒரு அளவு, கீழே வேறு அளவு. கீழே நெருங்கியிருந்தது, கண்ணாலேயே தெரிந்தது. முன்னாலும் பின்னாலும் பரவாயில்லை. ரிம் ஓரத்தில் நாலு மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம் என்றான். இது அதற்கெல்லாம் எங்கேயோ தாண்டி நின்றது.

அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்துக்கொண்டு மெல்ல, மெல்ல, அடிப்பக்கத்தை வெளியே இழுத்தான். அளப்பான். இழுப்பான். மூச்சு விடாமல் நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலுமினியம் ஒன்றிரண்டு தடவைதான் இந்தப் பாட்டைத் தாங்கும், படக்கென்று இழுத்தால் கையோடு வந்துவிடும். கடைக்காரர்கள் இதற்கென்றே நீளக் கம்பி போட்ட ஒரு கருவி வைத்திருப்பார்கள். அந்த ஏசிக் கடையில் அது சுவரில் மாட்டியிருந்ததை நான் பார்த்தேன். எடுக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

நேரானதும் மற்றதெல்லாம் சுலபம். கேபிளைத் தளர்த்தி, செயினைச் சின்னப் பல்லில் போட்டு, மேல் குட்டிச்சக்கரம் அதற்கு நேர் கீழே வரும்படி எச். பெரிய பல்லில் போட்டு, கம்பிப் பக்கம் தாண்டாதபடி எல். கடைசியாகத்தான் கேபிளை இறுக்கிப் பேரல். கடைப் பையன் இதன் கடைசியில் ஆரம்பித்து அங்கேயே முடித்துக்கொண்டான். எட்டும் ஏறி இறங்கியது. கயல் தெருவில் இரண்டு ரவுண்டு போய்விட்டு வந்து, "சத்தமே இல்ல" என்று குறை சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஆனாலும் வளைந்து நிமிர்ந்த அலுமினியத்தை நான் நம்பத் தயாராக இல்லை. புது ஹேங்கர் கேட்டு எழுதியிருக்கிறேன். சில நூறு ரூபாய்ச் சாமான்தான். மாடலுக்கு மாடல் வடிவம் மாறுவதால் வெளிக்கடையில் கண்டதை வாங்கி மாட்ட முடியாது. விற்றவன், "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று தினமும் அன்போடு தெரிவிக்கிறான். வருகிறவரை ஒன்றாம் கியருக்கு ஊரடங்கு.

அதனால் நீ அருணுக்கு வாங்கும்போதே ஒரு ஹேங்கர் உபரியாகச் சேர்த்து வாங்கிவிடு. பெட்டி வந்ததும் வலது பக்க அட்டை நசுங்கியிருக்கிறதா பார், போட்டோ எடு, பிறகு பிரி. பூட்டினதும் ஓட்டுவதற்கு முன்னால் பின்னால் உட்கார்ந்து பார். உன் தொப்பையோடு குத்துக்காலிட முடியாதென்றால் அருணை உட்காரச் சொல். மிதித்துக்கொண்டே, ஆனால் அழுத்தாமல், ஒவ்வொரு கியராக மாற்றச் சொல். நின்ற இடத்தில் கிளிக் கிளிக் என்று அமுக்குவது உன் பரம்பரைப் பழக்கம், அவனுக்காவது வேண்டாம். கோணல் தெரிந்தால் ஒரு ஸ்க்ரூவையும் தொடாதே, எனக்குப் போன் பண்ணு. தினேஷை வீடியோவில் உட்கார வைக்கிறேன். ஒரு டீக்கு மேல் அவன் கேட்க மாட்டான்.

அம்மா கண் கட்டு அவிழ்த்ததும் முதலில் உன் முகத்தைப் பார்த்தார்களா, மீனா முகத்தையா என்று எழுது. மக்ரூன் இரண்டு பாக்கெட் அனுப்பு. போன தடவை அனுப்பியது பொடியாக வந்தது; அதையும் வலது பக்கம் படுக்கவைத்துத்தான் அனுப்பியிருப்பாய்.

உன்,
ரவி