கிரேஸ் வில்லியம்ஸ் அழித்த தாள்கள்

அன்புள்ள நண்பா,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம். என் மூட்டுவலியும் குறைவின்றி நலமாக இருக்கிறது. நீ மெட்டெழுதிய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போவதாகச் சொல்லியிருந்தாயே, அதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

வேல்ஸ் நாட்டு இசையமைப்பாளர் கிரேஸ் வில்லியம்ஸும் இதைச் செய்தவர்தான். பாரி என்னும் துறைமுக ஊரில் 1906-இல் பிறந்து, லண்டனில் வான் வில்லியம்ஸ், வியன்னாவில் ஈகோன் வெல்லெஸ் என்னும் இசையமைப்பாளர்களிடம் பயின்று, பள்ளி ஆசிரியையாகச் சம்பாதித்துக்கொண்டே இசை எழுதிய அவர், 1951 மே மாதத்தில், அரங்கேறத் தகுதியில்லை என்று தாம் கருதிய கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார். போர்க்காலத்தில், 1944-இல், தந்திக்கருவிகளுக்காக அவர் எழுதிய ‘கடல் சித்திரங்கள்’ நல்லவேளையாகத் தப்பியது. பாரி ஊர் இருக்கும் கிளமோர்கன் கடற்கரையில் குடியேறும் அறிவு படைத்திருந்த தம் பெற்றோருக்கு அதைக் காணிக்கையாக்கியிருக்கிறார். அதன் குறும்பு உனக்குப் பிடிக்கும்.

ஆனால் அந்தப் பிரதிகளை அழித்த பிறகு நடந்ததைக் கவனி. யாழ் போன்ற ஹார்ப் ஒரு மெட்டை வாசிக்க, பாடுபவர் அதன்மேல் வேறொரு மெட்டில் செய்யுளைப் பாடும் வேல்ஸ் மரபிலிருந்து பிறந்த ‘பெனிலியன்’ என்னும் இசைக்குழுப் படைப்பு 1955-இல் வந்தது. டிரம்பெட்டை முன்னிறுத்தி இசைக்குழுவோடு வாசிக்கும் கான்செர்ட்டோ, ‘தி பார்லர்’ என்னும் இசை நாடகம், 1971-இல் முடித்த ‘மிசா கேம்பிரென்சிஸ்’ என்னும் கிறித்தவ வழிபாட்டு இசை ஆகியவையும் பின்னர் வந்தவையே. இடையில், 1966-இல், பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. என்னும் கௌரவப் பட்டத்தையும் வேண்டாமென்று மறுத்தார். என் பார்வையில், மேலும் எழுதுவதற்காகத்தான் அவர் பழையதைக் கழித்தார். நீயோ எழுதுவதையே விட்டுவிடுவதற்காகக் கழிக்கப் பார்க்கிறாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லூரித் தோழி எலிசபெத் மெக்கான்கியும் அவரும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், 1977-இல் கிரேஸ் இறக்கும் வரை, ஒருவர் இசையை மற்றவர் ஒளிவுமறைவின்றி விமர்சித்துக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நீயோ, நான் எதை அனுப்பினாலும் “பரவாயில்லை” என்னும் ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்கிறாய்!

நோட்டுகளை எனக்கு அனுப்பு. கூரியர் செலவு என்னுடையது. காம்போதி வர்ணத்தை மட்டும் தனி உறையில் வை. அதன் சரணத்தைப் பற்றி உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்