மேலூர்க் கல்லும் உன் கிச்சன் மேடையும்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் நீயே விட்டுவிடு. ‘நான் அப்பவே விட்டுக்கிட்டேன்’ என்று அவர்கள் சொன்னால் நம்பாதே. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பெங்களூரில் வேறு கம்பெனிக்கு மாறியிருக்கிறாள். தினமும் அத்திப்பள்ளி நெரிசலைத் திட்டிக்கொண்டே போய்த் திட்டிக்கொண்டே வருகிறாள். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. எனக்கு வழக்கமான முழங்கால்தான்.

சரி, கல் விஷயத்துக்கு வருகிறேன். கிச்சனை இடித்துக் கட்டப்போகிறோம், மேடைக்கு என்ன கல் போடலாம், ‘கல் கம்பெனியில் கணக்கு எழுதியே கிழவியானவள் நீ, நீயே சொல்லுடி’ என்று எழுதியிருக்கிறாய். கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கல் அழகாக இருக்கிறது என்று மார்க்கெட்டிங் பையன்களுக்குத் தெரியும். எந்தக் கல்லைப் போட்டவர்கள் ஆறு மாதத்தில் சண்டைக்கு வந்து பாக்கிப் பணத்தைத் தரமாட்டேன் என்கிறார்கள் என்பது என் மேஜைக்குத்தான் வரும்.

கடையில் காட்டிய காஷ்மீர் ஒயிட் உனக்குப் பிடித்துப்போய்விட்டது என்கிறாய். வெள்ளையில் லேசாகச் சாம்பல் ஓடி, அங்கங்கே மாதுளை முத்து மாதிரிச் சிவப்புப் புள்ளி. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அது எங்கேயிருந்து வருகிறது என்று கடைக்காரர் சொன்னாரா? காஷ்மீருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உன் அம்மா பிறந்த மேலூர்ப் பக்கத்துப் பாறைதான் அது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் அந்தக் குவாரிக் குழிகளைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். 2012-இல் மதுரைக் கலெக்டராக இருந்த சகாயம் கிரானைட் முறைகேடு பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கைக்குப் பிறகு மாநிலமே பேசியதே, அதே மேலூர்க் குவாரிகள். 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராகப் போட்டு விசாரிக்கச் சொன்னது, கீழவளவில் சமணர் படுகை இருக்கிற மலைப்பக்கம் வரை வெட்டிக்கொண்டு போனது, எல்லாம் நாம் இரண்டு பேரும் போனில் பேசித் தீர்த்த விஷயம்தான். பக்கத்து அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டிலேயே முதலாவதாக. அதற்கப்புறமும் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் என்று ஒன்று முளைத்து, ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கி, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. உன் அண்ணன் அந்த ஊர்வலத்தில் நடந்துவிட்டுக் கால் வீங்கிப் படுத்திருந்தார் என்று எழுதியிருந்தாயே.

அதற்காக அந்த ஊர்க் கல்லையே வாங்காதே என்று சொல்ல மாட்டேன். முறையாக வெட்டுகிற குவாரிகளும் உண்டு, அதில் பிழைக்கிற குடும்பங்களும் உண்டு, என் சம்பளமும் கல்லிலிருந்து வந்ததுதான். பில் கேட்டு வாங்கு, அவ்வளவுதான்.

நான் அதை வேண்டாம் என்பது உன் சமையலுக்காக. காஷ்மீர் ஒயிட் தண்ணீர் குடிக்கிற கல். சிங்க் ஓரத்தில் ஈரம் ஏறிய இடம் கறுத்துப்போய், காய நேரமில்லாமல் அப்படியே நிற்கும். அதன் மேல் நல்லெண்ணெய் சிந்தினால் உள்ளே இறங்கிவிடும். அடியில் சாதா சிமென்ட் கலவை வைத்து ஒட்டினாலும் அதன் ஈரம் மேலே ஏறித் திட்டுத் திட்டாகத் தெரியும். ‘சீலர் அடித்தால் ஒன்றும் ஆகாது மேடம்’ என்பார்கள். சீலர் என்பது கல்லின் நுண்துளைகளை அடைக்கிற பூச்சு. அடித்தால் தாங்கும், உண்மைதான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மேடையில் இருக்கிற அத்தனையையும் எடுத்துவைத்து, துடைத்து, காயவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். நீ அடிப்பாயா? வாட்டர் ஃபில்டருக்குக் கேண்டில் மாற்றுவதையே தீபாவளிக்குத் தீபாவளி செய்கிறவள் நீ.

இரண்டாவது, உன் மகள் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற வெள்ளை மார்பிள். அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. தாஜ்மஹாலுக்கு மக்ரானாவிலிருந்து மார்பிள் போனது, வாஸ்தவம். ஆனால் ஷாஜகான் அதன் மேல் ரசம் வைக்கவில்லை. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் எது பட்டாலும் மேல்தோலைத் தின்றுவிடும். கறை வேறு, இது வேறு. கறையை ஊறவைத்து எடுக்கலாம். புளிப்பு அரித்த இடத்தைத் தேய்த்து ஒன்றும் செய்ய முடியாது, திரும்பப் பாலிஷ் போட்டால்தான் உண்டு. உனக்கு இது புதிதும் இல்லை. உங்கள் வீட்டுப் பழைய கடப்பா மேடையில், அம்மா எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துவைக்கிற மூலையில், வட்ட வட்டமாகச் சாம்பல் பூத்திருக்குமே, எவ்வளவு சபீனா போட்டும் போகாமல்? கடப்பாவும் சுண்ணாம்புக் கல் ஜாதிதான். கறுப்பாக இருப்பதால் கிரானைட் என்று நினைத்துக்கொள்கிறோம்.

புளிப்புக்கு அசையாத கல் எது என்று கேட்டால் நம் கல்சட்டிதான். மாக்கல்லில் புளிக்குழம்பு ராத்திரி முழுக்க இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அமெரிக்காவில் அந்த வகைக் கல்லில் கிச்சன் மேடையே போடுகிறார்கள். இங்கே அந்த அளவுக்கு ஸ்லாப் தேடி அலையாதே, நகம் பட்டாலே கோடு விழுகிற கல் அது. சும்மா ஒரு ஆச்சரியத்துக்குச் சொன்னேன்.

அப்புறம் கடைக்காரர் ‘குவார்ட்ஸ் போடுங்க, கறையே பிடிக்காது’ என்றாராமே. அது தானாகப் பாறையாக விளைந்தது இல்லை. குவார்ட்ஸைப் பொடித்துப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்வது. கறை பிடிக்காது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் பிசின் சூட்டுக்கு ஆகாது. எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைத்தால் மஞ்சளாகத் தடம் விழும், சில நேரம் விரிசலும் விடும். நம் வீட்டில் யாரும் சட்டிக்கு மணை தேடிக்கொண்டிருக்க மாட்டோம். இன்னொன்றும் சொல்கிறேன், இது உன் கிச்சனைப் பற்றியது இல்லை. அந்தக் கல்லை வெட்டும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா மிக அதிகம். மூச்சில் போனால் நுரையீரல் தழும்பேறிப்போகும், மருந்து கிடையாது. வெட்டுகிற தொழிலாளிகள் இளம் வயதிலேயே நோயில் விழுகிறார்கள் என்றுதான் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டார்கள். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் குறைவு.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிங்க், அடுப்புக்கான ஓட்டையையும் விளிம்பு உருட்டுவதையும் கல் அறுக்கிற யார்டிலேயே தண்ணீர் விட்டு வெட்டித் தரச் சொல். பெரும்பாலும் என்ன செய்வார்கள் தெரியுமா, முழு ஸ்லாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்து, கை மெஷினில் காய்ந்த கல்லை வெட்டுவார்கள். வெட்டுகிற பையன் முகத்தில் ஒரு கைக்குட்டை. பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் வெள்ளையாகிவிடும். அங்கே கொஞ்சம் நறுக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு ஆள் பக்கத்தில் நின்று குழாயைப் பிடிக்கட்டும், நல்ல மாஸ்க்கை நீயே வாங்கிக் கொடு. பெரிய செலவு இல்லை.

எதைத்தான் போடுவது என்கிறாயா? கறுப்பு என்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கறுப்பு, திண்டிவனம் பக்கம் குன்னம் கறுப்பு, எதுவும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும். இறுகிய கல், எண்ணெய், புளி எதையும் உள்ளே விடாது. தங்கப் பொட்டு மின்னுகிற பிளாக் கேலக்ஸி ஆந்திராவில் சீமகுர்த்தியில் எடுப்பது. விலை கூட, தாங்குவது ஒரே மாதிரிதான். ஆனால் பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பில் ஒரு தொல்லை: உங்கள் போர் தண்ணீர். குழாயைச் சுற்றி உப்புப் படிந்து, ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வளையமாகத் தெரியும். தினமும் ராத்திரி காய்ந்த துணியால் துடைக்கத் தயார் என்றால் போடு. இல்லை என்றால் ஒங்கோல் பக்கத்து ஸ்டீல் கிரே, இல்லாவிட்டால் கரீம்நகர் டேன் பிரவுன். புள்ளியும் நிறமுமாக இருப்பதால் உப்பும் தெரியாது, சிந்தின கடுகும் தெரியாது. என்னைக் கேட்டால் ஸ்டீல் கிரே. கிச்சன் ஜன்னல் கிழக்கே பார்த்திருப்பதால் இருட்டாகவும் இருக்காது.

யார் சொல்லையும் கேட்காமல், என் சொல்லையும் சேர்த்துத்தான், ஒரு காரியம் செய். பிடித்த கல்லில் ஒரு துண்டு கேள். வெட்டின மிச்சம் யார்டில் குவிந்து கிடக்கும், சும்மாவே தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு ஓரத்தில் புளிக்கரைசல், ஒரு ஓரத்தில் எலுமிச்சை, நடுவில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்து வைத்துக் காலையில் கழுவிப் பார். மஞ்சள் நிறம் ஒட்டியிருந்தால் பயப்படாதே, வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். எண்ணெய்த் தடம்தான் கவனிக்க வேண்டியது. கறுப்புக் கல் என்றால் வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் தேய்; துணியில் கறுப்பு வந்தால் சாயம் ஏற்றின கல். வேறு கடை பார்.

ஸ்லாப்பை நிறுத்திவைத்து, ஒரு பக்கமாகக் குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார். நேராகப் பார்த்தால் தெரியாத கீறலும் பிசின் அடைத்த ஓட்டையும் அப்போதுதான் தெரியும். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் ஏன் ஒட்டினார்கள் என்று கேள். கனம் 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நாலு ஓரத்திலும் அளந்து பார்க்கச் சொல். தேர்ந்தெடுத்த ஸ்லாப்பின் முதுகில் உன் பெயரை எழுதி, போட்டோவும் எடுத்துக்கொள். ‘அதே லாட்தான் மேடம்’ என்று வேறொன்று வந்து இறங்குவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது.

கல்லை விடப் பெரிய விஷயம் போடுகிற கை. சிங்க் ஓட்டையின் உள் மூலைகள் வளைவாக இருக்கட்டும். சதுரமாக வெட்டினால் அந்த முனையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். சிங்குக்கு முன்னால் மிச்சமாகிற பட்டை மூன்று இஞ்சாவது வேண்டும், மேடையிலேயே பலவீனமான இடம் அது. ஜாயின்ட் சிங்க் பக்கம் வரவே கூடாது. முன் விளிம்புக்கு அடியில் நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம் கீறச் சொல். வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கதவுப் பலகைக்குள் போகாது. அதைக் கேட்டால்தான் செய்வார்கள்.

உயரம். மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு வைப்பார். நீ ஐந்தடி கூட இல்லை. செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடக்கு. அதற்கு நாலைந்து இஞ்ச் கீழே மேடை மட்டம் வந்தால் காய் நறுக்கத் தோள் வலிக்காது. கிரைண்டருக்குத் தனியாக ஒரு தாழ்ந்த மேடை கட்டிவிடு, மாவு வழிக்கக் குனிந்து எக்கித் தவிக்க வேண்டாம். தேங்காயை மட்டும் மேடை விளிம்பில் தட்டி உடைக்காதே என்று அம்மாவிடம் சொல். எந்தக் கல்லானாலும் விளிம்பு தெறிக்கும்.

மேடையின் அளவையும் சிங்க், அடுப்பு வருகிற இடத்தையும் ஒரு காகிதத்தில் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எத்தனை சதுர அடி, விளிம்பு எத்தனை அடி, எவ்வளவு கழிவு போகும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். கடைக்காரர் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா

பி.கு: பழைய கடப்பா பலகைகளை இடிபாட்டோடு லாரியில் ஏற்றிவிடாதே. கழுவி எடுத்தால் ஸ்டோர் ரூமில் அலமாரித் தட்டுக்கு அப்படியே ஆகும். நல்ல நீளப் பலகை ஒன்றைக் கொல்லைக் குழாயடியில் பாத்திரம் கழுவப் போட்டுக்கொள். உடைக்கிற ஆளிடம் முதல் நாளே சொல்லிவை, சுத்தியல் விழுந்த பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.