ஆர்லிங்டன் வீட்டின் தூண்கள் செங்கல்

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் வாஷிங்டன் பயணக் கட்டுரை, வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் குன்றில் நிற்கும் வீட்டைத் ‘தளபதி ராபர்ட் லீயின் பளிங்கு மாளிகை’ என்கிறது. இரண்டு பிழைகளையும் திருத்த வேண்டுகிறேன்.

முன்வரிசையில் ஆறும் பின்வரிசையில் இரண்டுமாக நிற்கும் எட்டுத் தூண்களும் செங்கல் கட்டுமானம். அடியில் ஐந்தடி விட்டம். தோட்டத்துச் செம்மண்ணிலேயே செங்கல் அறுத்துச் சுட்டார்கள். பொடோமாக் ஆற்றுச் சிப்பிகளைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் பூச்சுச் சாந்து குழைத்தார்கள். நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு போலத்தான். பூசிய சுவரில் கல் அடுக்கின் இணைப்புகளைப் போலக் கோடு கீறி, தூண்களில் பளிங்கு ரேகை தீட்டிவிட்டால், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே கல். இப்படிப்பட்ட பூச்சில் விரிசல் விட்டால் சிமெண்ட் வைத்து அடைக்கவே கூடாது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவைப்பதால், பின்னாலுள்ள பழைய செங்கல் பொரிந்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்.

இத்தனை வேலையையும் செய்தவர்கள் அடிமைகள். கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

வீட்டைக் கட்டியவர் ஜார்ஜ் வாஷிங்டனின் வளர்ப்புப் பேரன் கஸ்டிஸ். 1802இல் தொடங்கிய வேலை, வடக்குச் சிறகு, தெற்குச் சிறகு, கடைசியில் நடுப்பகுதி என்று 1818 வரை நீண்டது. லீ 1831இல் அவருடைய மகளை மணந்தவர். 1857இல் கஸ்டிஸ் இறந்தபோது, உயில்படி மகளுக்கு ஆயுள்கால உரிமை, அவருக்குப் பின் மூத்த பேரனுக்குச் சொத்து. மருமகன் லீ உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் மட்டுமே.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது லீ தெற்கு மாநிலங்களின் பக்கம் சேர்ந்தார். வீடு வடக்குத் தரப்பான ஒன்றிய ராணுவத்தின் தலைமையகம் ஆனது. சொத்துக்கான 92 டாலர் 7 சென்ட் வரியை உரிமையாளர் நேரில் வந்துதான் கட்ட வேண்டும் என்று சொல்லி, உறவினர் கொண்டுவந்த பணத்தை அதிகாரிகள் மறுத்தார்கள். வரி கட்டவில்லை என்று 1864 ஜனவரியில் சொத்தை ஏலம் விட்டு, அரசே 26,800 டாலருக்கு எடுத்தது. அவ்வாண்டே நிலத்தில் போர்வீரர்களைப் புதைக்கத் தொடங்கினார்கள். லீ குடும்பம் திரும்பி வந்து குடியேறக் கூடாது என்று, ஒன்றிய ராணுவத்தின் ஜெனரல் மெய்க்ஸ் பூந்தோட்டத்தின் ஓரமாகவே அதிகாரிகளின் கல்லறைகளை வைக்கச் செய்தார். 1866இல், அடையாளம் தெரியாத 2,111 பேரின் எலும்புகள் தோட்டத்தருகே ஒரே நிலவறையில் அடக்கமாயின. அதே நிலத்தின் இன்னொரு பகுதியில், விடுதலை பெற்ற அடிமைகளின் குடியிருப்பு 1863 முதல் 1900 வரை இருந்தது.

சொத்தைத் திருப்பிக் கேட்டுக் கஸ்டிஸின் மூத்த பேரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1882இல் 5க்கு 4 என்று அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்லறைகளைத் தோண்டி எடுப்பது நடவாத காரியம் என்பதால், மறு ஆண்டு அரசு 1,50,000 டாலர் கொடுத்து முறைப்படி வாங்கியது. பிறகு வீடு வெகுகாலம் கல்லறைக் கண்காணிப்பாளரின் அலுவலகமாக இருந்தது. 1925இல் நாடாளுமன்றம் சீரமைப்புக்கு அனுமதி அளித்தது. 1933இல் தேசியப் பூங்காத் துறையிடம் வந்தது.

அந்தச் சீரமைப்பில் கிணறுகளும் அடிமைக் குடில்களும் இருந்த இடங்களைச் சொல்லித் தந்தவர் ஜேம்ஸ் பார்க்ஸ். அதே தோட்டத்தில் அடிமையாகப் பிறந்து, 1864இல் அங்கே முதல் குழிகளை வெட்டியவர். 1929இல் அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்