பொருளா, போர்டா?

ஈரோடு,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். நீ கெப்பாசிட்டரைக் கழற்றும்போது, அதன் கால் பற்றவைத்திருந்த செம்பு வட்டம், அதான் பேட், போர்டை விட்டுக் கழன்றுதான் வந்திருக்கிறது. அதற்காக ராத்திரி பதினோரு மணிக்கு "அப்பா, அம்மாவோட சுருதிப் பெட்டியைக் கொன்னுட்டேன்" என்று மெசேஜ் போடுவாயா? அம்மா பதறிப்போய் என்னை உலுக்கி எழுப்பினாள். ஒரு பேட் போனதற்கெல்லாம் பெட்டி செத்துப்போகாது. பக்கத்து ட்ராக்கின், அதாவது போர்டில் ஓடும் செம்புக் கோட்டின், மேல் பூச்சை பிளேடால் இரண்டு மூன்று மி.மீ. சுரண்டு. செம்பு பளிச்சென்று தெரிந்ததும் கொஞ்சம் ஈயம் (சால்டர்தான்) பூசி, புது கெப்பாசிட்டரின் காலை மடக்கி அதன்மேல் பற்றவைத்துவிடு. போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் ஏறும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஈயத்தை உருக்கி உறிஞ்சும் அந்த ஹாக்கோ எஃப்.ஆர்-301 துப்பாக்கியை வாங்கலாமா என்கிறாய். நல்ல சாமான், சந்தேகமே இல்லை. நடுவில் துளை உள்ள சூடான முனை, பம்ப் உள்ளேயே இருக்கிறது. காலின்மேல் முனையைக் கவிழ்த்து, ஈயம் இளகியதும் விசையை அழுத்தினால் உறிஞ்சிக்கொள்ளும். நாற்பது கால் ஐ.சி. சிப்பைக்கூட முழுசாகக் கழற்றிவிடலாம். ஆனால் விலை கால் லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த கையோடு, சூடு இருக்கும்போதே, கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். விட்டால் ஈயம் இறுகி அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு நாலு பெட்டி பிரிக்கிறவளுக்கு அது எதற்கு கண்ணு?

கடையில் வேலை பழக வந்த பையன்களிடம் சால்டரிங் அயர்னைக் கையில் கொடுக்கும் முன்பு ஒன்று கேட்பேன். எதைக் காப்பாற்றப் போகிறாய், பொருளையா, போர்டையா? இந்தக் கேள்வியை நானே ரொம்ப லேட்டாகத்தான் கற்றுக்கொண்டேன். கடை போட்ட புதிதில் ஒரு வாத்தியாரின் டேப் ரெக்கார்டர் வந்தது, சத்தமே வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, சக்கர் என்கிற ஈயம் உறிஞ்சும் கைப்பம்பை வைத்து ஒவ்வொரு காலாக உறிஞ்சினேன். சக்கரின் ஸ்பிரிங் விடுபடும்போது கை பின்னால் உதைக்கும், தெரியுமில்லையா? அந்த உதையில் முனை போய்ப் போய் போர்டில் இடித்து மூன்று ட்ராக் உரிந்து வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தது. ஐ.சி. நன்றாகவே இருந்தது. அந்த மூன்று ட்ராக்குக்கும் ஒயர் இழுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர் அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஐ.சி. செத்தது உறுதியென்றால் கழற்றவே வேண்டாம். நுனி மெல்லிய கட்டரால் கால்களை உடம்போடு ஒட்ட வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் காலை ஒவ்வொன்றாகச் சூடு காட்டி ட்வீசரால் உருவு. போர்டுக்கு ஒரு கீறல் விழாது. அறுபது ரூபாய் ஐ.சி.யை முழுசாக எடுக்கப் பாடுபட்டு ஆயிரம் ரூபாய் போர்டைக் கெடுத்தவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

உன் கதை வேறு. கெப்பாசிட்டரை அப்படி வெட்ட முடியாது, அது போர்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். போட்டோவில் அதன் அடியில் பழுப்பாக ஒன்று தெரிகிறதே, அது பசை, ஃபேக்டரியில் வைத்தது. அதை முதலில் பிளேடால் அறுத்து விட்டிருக்க வேண்டும். நீ ஈயத்தை உருக்கினாய், கால் விட்டது, பசை விடவில்லை. விடவில்லையே என்று அயர்னை வைத்துக்கொண்டே இழுத்திருப்பாய். அந்தக் காலத்துப் பழுப்பு போர்டு ஒரு பக்கம் மட்டும் செம்பு ஒட்டிய காகித அட்டை மாதிரி, சூடு பொறுக்காது. மூன்று நான்கு வினாடிக்கு மேல் வைத்தாலே பேட் தளர ஆரம்பித்துவிடும். மீதி இரண்டு கெப்பாசிட்டரையும் இப்படி எடு: ஒரு காலைச் சூடாக்கி அந்தப் பக்கத்தை லேசாகத் தூக்கு, அப்புறம் மற்ற கால், மறுபடி இந்தக் கால். ஆட்டி ஆட்டி வந்துவிடும். சூடாக்கும் முன் பழைய ஈயத்தின்மேல் புது ஈயம் கொஞ்சம் வை. ஏற்கெனவே ஈயம் இருக்கும் இடத்தில் ஈயமா என்று சிரிக்காதே. பழையது காய்ந்து, ஈயத்தை ஓடவைக்கும் ஃப்ளக்ஸ் இல்லாமல் கிடக்கும், புதிதில் ஃப்ளக்ஸ் இருக்கிறது, சூட்டை உள்ளே கொண்டுபோகும். இப்போது வரும் காரீயம் (லெட்) கலக்காத சால்டர் பெரும்பாலும் 217 டிகிரிக்கு மேல்தான் இளகும். நம்முடைய 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு) 183 டிகிரியிலேயே ஓடிவிடும். அதைக் கலந்தால் மொத்தமும் சீக்கிரம் இளகும்.

கால் வந்த பிறகு ஓட்டை ஈயத்தால் மூடியிருக்கும். அதற்கு விக், ஈயத்தைக் குடிக்கும் செம்புப் பின்னல் நாடா. 2 மி.மீ. அகலம் போதும். விக்கைப் பேடின்மேல் வை, அதன்மேல் அயர்ன் முனையைப் படுக்கவை, காத்திரு. செம்புப் பின்னலில் வெள்ளி நிறம் ஏறி வருவது கண்ணுக்குத் தெரியும். ஏறி நின்றதும் விக்கையும் அயர்னையும் ஒன்றாகத் தூக்கு. அயர்னை முதலில் எடுத்தால் விக் பேடோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் இன்னொரு பேடும் போச்சு. ஈயம் குடித்த நுனியை அப்போதைக்கப்போதே வெட்டிப் போடு. வெறும் கையால் நுனிக்குப் பக்கத்தில் பிடிக்காதே, சுருளோடு சேர்த்துப் பிடி. விக் சரியாகக் குடிக்கவில்லையென்றால் செம்பு கறுத்திருக்கும். ஃப்ளக்ஸ் தடவு, மறுபடி குடிக்கும். விக் கிடைக்காத காலத்தில் நாங்கள் மைக் கேபிளின் பின்னல் ஒயரை உரித்து, ரோசின் ஃப்ளக்ஸில் தோய்த்து வேலையை ஓட்டினோம். அந்த வாசனை இன்னும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் புகையை நீ இழுக்காதே, உனக்கு வீசிங் உண்டு. ஜன்னலைத் திற, ஃபேனைப் பக்கவாட்டில் வை.

சக்கரும் ஒன்று வாங்கிக்கொள். நூறு இருநூறு ரூபாய் நீல பிளாஸ்டிக்கே போதும் என்று முன்பு சொல்லியிருப்பேன், இப்போது சொல்லமாட்டேன். ஜப்பான்காரர்கள் செய்யும் எஞ்சினியர் எஸ்எஸ்-02 கிடைத்தால் அதை வாங்கு. முனையில் சிலிகான் ட்யூப் இருக்கும், சூடு தாங்கும், மெத்தென்று அமுங்கும். அயர்ன் முனையையும் சேர்த்து மூடிக்கொள்வதால் ஈயம் ஆறுவதற்குள் உறிஞ்சிவிடும். உதைத்தாலும் போர்டை இடிக்காது. எது வாங்கினாலும் மாதம் ஒருமுறை பிரித்துக் கொட்டிவிட்டு உள்ளே ரப்பர் வளையத்தில் துளி சிலிகான் கிரீஸ் தடவு. கொட்டும் தூள் ஈயம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதே.

ஹாட் ஏர் ப்ளோயர் இப்போதைக்கு வேண்டாம். அது மேலே ஒட்டிய சின்னச் சின்ன எஸ்.எம்.டி. பாகங்களுக்கு. சுருதிப் பெட்டியில் காட்டினால் பக்கத்திலிருக்கும் கனெக்டர்தான் முதலில் உருகும்.

ஒரு சின்ன பார்சல் அனுப்பியிருக்கிறேன். பழைய சாக்லேட் டப்பாவில் நாலு இன்ஜெக்‌ஷன் ஊசி இருக்கும், பயப்படாதே. நுனியை அரத்தில் தட்டையாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஊசி ஸ்டெயின்லெஸ், அதில் ஈயம் ஒட்டாது. காலின்மேல் ஊசியைச் செருகி, ஈயம் இளகும்போது மெல்லச் சுழற்றினால் கால் தனியாக விலகிவிடும். கால் பருமனுக்குப் பொருந்தும் ஊசியைப் பார்த்து எடு. அம்மா அதே டப்பாவில் எள்ளுருண்டையும் போடப் பார்த்தாள், தடுத்துத் தனியாகக் கட்டவைத்தேன்.

'ஸ' பிடிக்கும்போதெல்லாம் அடியில் 'உம்'மென்று கரகரக்கிறது என்று அவள் சொன்னாளே, அது பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர் காய்ந்ததால்தான். அதை மாற்றினாலே சத்தம் அடங்கிவிடும், மற்றதைப் பிறகு பார்க்கலாம். தொடும் முன்பு ப்ளக்கைப் பிடுங்கிப்போட்டு ஐந்து நிமிஷம் விடு. கழற்றும் முன்பு மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பு. ராத்திரி பத்து மணிக்குள்.

அப்பா